விழித்திரைக்கு ஒரு வைரஸ் பொட்டலம்

படம் தொடங்கிய பிறகு திரையரங்குக்குள் நுழைந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். வெளியே நல்ல வெளிச்சம். கதவைத் தள்ளி உள்ளே போனால் கும்மிருட்டு. கையில் சோளப்பொரி, காலடியில் படி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. யார் மடியிலாவது உட்கார்ந்துவிடுவோமோ என்ற பயத்தோடு தடவித் தடவி நடப்போம். ஐந்து நிமிடம் போனால் நாற்காலிகள் தெரிய ஆரம்பிக்கும். இன்னும் சற்று நேரத்தில் பக்கத்து வரிசையில் இருப்பவரின் முகம்கூடத் தெரியும். அரங்கில் யாரும் விளக்கைக் கூட்டவில்லை. மாறியது நம் கண்தான்.

அந்தச் சில நிமிடங்களில் கண்ணின் பின்பக்கத்தில் ஒரு புரதம் ஓய்வில்லாமல் வேலை செய்கிறது. அந்த ஒரு புரதம் இல்லாமலே பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம் முடிவதே இல்லை.

2008 செப்டம்பரில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், அப்படிப் பிறந்த 8 வயதுச் சிறுவன் ஒருவனின் ஒரு கண்ணுக்குள் மருத்துவர்கள் வைரஸைச் செலுத்தினார்கள். எழுத்துப் பிழை இல்லை, வைரஸைத்தான். நான்கு நாள் கழித்துப் பெற்றோர் அவனை அந்நகரின் விலங்கியல் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வானில் நின்ற பெரிய பலூனைப் பார்க்க அண்ணாந்தவன், வெயில் கண்ணில் பட்டதும் வலிக்கிறது என்று அலறினான். அதுவரை கண் கூசுவது என்றால் என்னவென்றே அறியாத பையன் அவன். கண் கூசியதற்காக ஒரு குடும்பம் மகிழ்ந்துபோனது அநேகமாக அன்றுதான்.

எலிப்பொறியை மடக்குவது யார்?

கண்ணின் உட்சுவரில், பின்பக்கமாக, ஒட்டுத்தாள்போல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. அதன் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். அதற்குள் ஒளியை உணரும் உயிரணுக்கள் இரண்டு வகை. மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்பவை கோல் உயிரணுக்கள். ஒரு கண்ணில் ஏறத்தாழ 120 மில்லியன். நல்ல வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்ப்பவை கூம்பு உயிரணுக்கள்; ஏறத்தாழ 6 மில்லியன்.

இவற்றுக்குள் வைட்டமின் ஏ-யிலிருந்து உருவான ஒரு சிறு மூலக்கூறு வளைந்த நிலையில் காத்திருக்கிறது. எலிப்பொறியை இழுத்து மடக்கி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒளித்துகள் ஒன்று வந்து மோதியதும், ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் அது படக்கென்று நிமிர்கிறது. அந்த அதிர்வுதான் மின் சமிக்ஞையாக மாறி மூளைக்குப் போகிறது. நாம் பார்ப்பதெல்லாம் இப்படிக் கோடிக்கணக்கான பொறிகள் விழும் சத்தம்.

ஒருமுறை விழுந்த பொறியில் இன்னோர் எலி சிக்காது, அல்லவா? யாராவது அதை மீண்டும் மடக்கி வைக்க வேண்டும். கோல் உயிரணுவால் அதைத் தானே செய்துகொள்ள முடியாது. நிமிர்ந்துபோன மூலக்கூறு, விழித்திரைக்குப் பின்னால் ஒரே ஓர் உயிரணு தடிமனில் இருக்கும் நிறமிப் படலத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கேதான் நம் கதாநாயகன் இருக்கிறான்: ஆர்.பி.இ.65 என்ற நொதிப் புரதம். முதல் மூன்று எழுத்துகளும் அந்தப் படலத்தின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 65 என்பது மூலக்கூறின் எடையைக் குறிக்கும். இந்த நொதி வைட்டமின் ஏ மூலக்கூறை மீண்டும் வளைத்துவிட, அது திரும்பவும் கோல் உயிரணுவுக்குப் போகிறது.

வெயிலிலிருந்து திரையரங்குக்குள் வரும்போது பெரும்பாலான பொறிகள் விழுந்து கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக மடக்கி வைக்க நேரம் பிடிக்கிறது. நீங்கள் தடவி நடந்தது அதற்காகத்தான். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும்.

ஆர்.பி.இ.65 புரதத்தைச் செய்யும் மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாகிப் பிறக்கும் குழந்தைக்குப் பொறிகள் விழுந்தது விழுந்ததுதான். அம்மாவிடமிருந்து ஒரு பழுதான பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று. பெற்றோர் இருவரிடமும் நல்ல பிரதி ஒன்று மிச்சம் இருப்பதால் அவர்களுக்குப் பார்வைக் குறை எதுவும் இராது. தங்களிடம் பழுது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அத்தகைய இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இந்த நோய் வர.

பிறவியிலேயே விழித்திரை வேலை செய்யாத இத்தகைய நோயை 1869-இல் விவரித்தவர் ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லெபர். அவர் பெயரிலேயே அது 'லெபர் பிறவிப் பார்வையிழப்பு' எனப்படுகிறது. ஒரு லட்சம் குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு வரும். இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் எது பழுதானாலும் இது வரலாம், ஆர்.பி.இ.65 அவற்றில் ஒன்று மட்டுமே.

பொன்னாங்கண்ணிக் கீரை கண்ணுக்கு நல்லது என்று பாட்டி சொல்வார். வைட்டமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண் நோய்க்குக் கீரையும் கேரட்டும் உதவும் என்பது உண்மை. ஆனால் இந்தக் குழந்தைகளின் உடலில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருக்கிறது. அதை வளைக்கத்தான் ஆள் இல்லை. கூடை கூடையாகக் கீரை தின்றாலும் பயன் இராது.

இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. பின்னால் வரப்போகும் எல்லாமே அதைப் பொறுத்தது. கோல் உயிரணுக்கள் உடனே இறந்துவிடுவதில்லை. குழந்தைப் பருவத்தில் அவற்றில் பெரும்பாலானவை உயிரோடுதான் இருக்கின்றன. வேலை இல்லாமல் சும்மா இருக்கின்றன. ஆண்டுகள் போகப் போகத்தான் ஒவ்வொன்றாக மடிகின்றன. ஆக, அந்த ஒரு மரபணுவின் நல்ல பிரதியை நிறமிப் படலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால்? அதுவும் உயிரணுக்கள் மடிவதற்கு முன்பே சேர்த்துவிட்டால்?

யார் கொண்டுபோவது?

உயிரணுவின் உட்கருவுக்குள் ஒரு டி.என்.ஏ. துண்டை நுழைப்பது எளிதல்ல. உயிரணுச் சவ்வு ஒரு மதில். அதைத் தாண்டினால், அந்நியப் பொருளைச் செரித்துவிடும் நொதிகள். அதையும் தாண்டினால் உட்கருவின் சுவர். இந்த மூன்றையும் தாண்டும் கலையைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பயின்றவை வைரஸ்கள். வைரஸ் என்பதே, புரத உறைக்குள் சுற்றி வைத்த மரபணுப் பொட்டலம்தான். உள்ளே இருக்கும் அதன் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டு, நமக்கு வேண்டியதை வைத்து அனுப்பினால் என்ன? மரபணு சிகிச்சை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே. இப்படிப் பயன்படும் வைரஸை விஞ்ஞானிகள் 'வெக்டர்' என்பார்கள். தமிழில் கடத்தி. நம் பேச்சில் சொன்னால் கிராப் ஓட்டுநர்.

எல்லா ஓட்டுநரையும் நம்ப முடியாது. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், பிறவிக் கல்லீரல் குறைபாடு ஒன்றுக்கான மரபணு சிகிச்சை ஆய்வில் 18 வயது இளைஞர் ஒருவர் தாமாக முன்வந்து பங்கேற்றார். கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாய் வழியாக, மாற்றியமைக்கப்பட்ட அடினோவைரஸ் முப்பது டிரில்லியனுக்கும் மேல் செலுத்தப்பட்டது. அவருடைய நோய் எதிர்ப்புப் படை கட்டுக்கடங்காமல் சீறியது. உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்து, நான்காம் நாள் அவர் இறந்துபோனார். மரபணு சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் அஞ்சும் நிலை வந்தது. பல ஆய்வுகள் நின்றன. ஆய்வாளர்கள் பலர் வேறு துறை தேடிப் போனார்கள்.

கண்ணுக்குப் போன வைரஸ் வேறு. அது கண்டுபிடிக்கப்பட்டதே தற்செயல். 1965-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், அடினோவைரஸ் மாதிரிகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரிய வைரஸ்களுக்கிடையே மிகச் சிறிய புள்ளிகள் தெரிந்தன. ஏதோ கலப்படம் என்றே முதலில் நினைக்கத் தோன்றும். பார்த்தால் அதுவும் ஒரு வைரஸ். ஆனால் சோம்பேறி வைரஸ்: அடினோவைரஸ் போன்ற ஒன்று துணைக்கு இருந்தால்தான் பெருகும், தனியாக விட்டால் உயிரணுவுக்குள் சும்மா படுத்துக்கிடக்கும். அடினோவைரஸோடு ஒட்டித் திரிவதால் 'அடினோ சார்ந்த வைரஸ்', சுருக்கமாக ஏ.ஏ.வி. என்று பெயர் வைத்தார்கள். மனிதரிடையே பரவலாகக் காணப்படுகிறது; உங்களுக்கோ எனக்கோகூட வந்து போயிருக்கலாம். அதனால் எந்த நோயும் வருவதாகத் தெரியவில்லை. மருத்துவத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு வைரஸுக்கு இதைவிட நல்ல நன்னடத்தைச் சான்றிதழ் வேறென்ன வேண்டும்?

ஏ.ஏ.வி.யின் குறுக்களவு ஏறத்தாழ 25 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் அகலத்தில் மூவாயிரத்தை வரிசையாக நிறுத்தலாம். அதற்குள் இருக்கும் டி.என்.ஏ.வின் நீளம் ஏறத்தாழ 4,700 எழுத்துகள். ஒன்று தன்னைப் பெருக்கிக்கொள்ள, இன்னொன்று உறையைச் செய்ய என்று இரண்டே மரபணுக்கள். ஆய்வகத்தில் இந்த இரண்டையும் எடுத்துவிடுகிறார்கள். இரு முனைகளிலும் இருக்கும் சிறு துண்டுகளை மட்டும் விட்டுவைப்பார்கள். பொட்டலம் கட்டும்போது 'இதை உள்ளே வை' என்று காட்டும் அடையாளம் அவை. நடுவில் மனிதனின் நல்ல ஆர்.பி.இ.65 மரபணுவும், அதை இயக்க ஒரு சுவிட்சும். அந்தச் சுவிட்சின் ஒரு பகுதி கோழியின் மரபணு ஒன்றிலிருந்து எடுத்தது. மனிதக் கண்ணில், வைரஸ் உறைக்குள், கோழிச் சுவிட்ச்! அறிவியல் சில வேளை நம் அடுக்களையைவிடத் தாராளமாகக் கலக்கிறது.

இப்படி மாற்றிய வைரஸால் இனிப் பெருக முடியாது. கதவைத் தட்டும், உள்ளே போகும், பொட்டலத்தைக் கொடுக்கும், அதோடு அதன் கதை முடிந்தது. அது கொண்டுவந்த டி.என்.ஏ. பெரும்பாலும் நம் குரோமோசோம்களோடு ஒட்டாமல் உட்கருவுக்குள் தனி வளையமாகத் தங்கிவிடும். உயிரணு பிரிந்து பெருகும் உறுப்பாக இருந்தால் இந்த வளையங்கள் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துபோகும். நிறமிப் படல உயிரணுக்களோ பிறந்த பிறகு அநேகமாகப் பிரிவதே இல்லை. ஒருமுறை கொடுத்தால் போதும்.

கண் என்ற உறுப்பும் இதற்கு ஒத்துழைக்கிறது. உடலின் நோய் எதிர்ப்புப் படை எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் பாய்வதில்லை. கண்ணுக்குள் அது அடக்கி வாசிக்கும். பாய்ந்து அழித்தால் வீக்கத்தில் பார்வையே போய்விடும் என்பதால் பரிணாமம் செய்துகொண்ட ஏற்பாடு அது. பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் 1940-களிலேயே இதைக் கவனித்தார். கண் மிகச் சிறியது என்பதும் ஒரு வசதி. பின்னாளில் ஒரு கண்ணுக்கு என்று முடிவான மருந்தின் அளவு 0.3 மில்லிலிட்டர், அதாவது ஆறு சொட்டு. அதில் 150 பில்லியன் வைரஸ்கள். பெரிய எண்தான், ஆனால் 1999-இல் அந்த இளைஞரின் உடலுக்குள் போனதைவிட ஏறத்தாழ இருநூறு மடங்கு குறைவு.

லான்சலாட்டின் வருகை

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நாய்களுடையது. பிரியார்ட் என்பது பிரான்ஸ் நாட்டு ஆட்டு மந்தை நாய். முகமெல்லாம் முடி தொங்கும். அந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே பார்வைக் குறையோடு பிறப்பதை 1980-களின் இறுதியில் சுவீடனில் கண்டறிந்தார்கள். காரணத்தைத் தேடிப் போனால், அதே ஆர்.பி.இ.65. அந்த மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டிருந்தன.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜீன் பென்னட், ஆல்பர்ட் மெகுவைர் என்று ஒரு தம்பதியர். மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவர் மரபணு ஆய்வாளர். கணவர் விழித்திரை அறுவை மருத்துவர். விழித்திரைக்குள் மரபணுவைச் செலுத்த முடியுமா என்று 1980-களிலேயே தங்களுக்குள் பேசிக்கொண்டவர்கள். 2000-ஆம் ஆண்டில், அதாவது அந்த இளைஞர் அதே பல்கலைக்கழகத்தில் இறந்த மறு ஆண்டில், பிற ஆய்வுக் குழுக்களோடு சேர்ந்து மூன்று பிரியார்ட் குட்டிகளின் கண்ணுக்குள் ஏ.ஏ.வி.யைச் செலுத்தினார்கள். சில வாரங்களில் குட்டிகளின் நடத்தை மாறியது. இருட்டறையில் நாற்காலி மேசைகளில் மோதிக்கொண்டிருந்தவை விலகி நடந்தன. சிகிச்சை பெற்ற கண்ணின் பக்கமிருந்த பொருளைத் தவிர்த்தன; சிகிச்சை பெறாத கண்ணின் பக்கமிருந்ததில் போய் முட்டின. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஒரே நாயே சோதனையும் ஒப்பீடுமாக இருந்தது.

2001-இல் முடிவு வெளியானது. அவற்றில் லான்சலாட் என்ற நாய் புகழ்பெற்றது; அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கே அழைத்துப் போனார்கள். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மரபணு சிகிச்சையை விளக்க நூறு பக்க அறிக்கையைவிட, தானாகக் கதவைக் கண்டு நடந்து வந்த ஒரு நாய் அதிகம் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படிச் சிகிச்சை பெற்ற வீனஸ், மெர்குரி என்ற இரண்டு நாய்களை அந்தத் தம்பதியர் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள்.

ஆறு சொட்டு

மனிதருக்கான சோதனை 2007-இல் லண்டனிலும் அமெரிக்காவிலும் தொடங்கியது. அறுவை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மருந்தைக் கண் சொட்டு மருந்துபோல் விட முடியாது. அது விழித்திரையை எட்டாது. முதலில் கண்ணின் நடுவில் நிரம்பியிருக்கும் கூழ் போன்ற பொருளை அகற்றுகிறார்கள். பிறகு தலைமுடி போல மெல்லிய குழாயை விழித்திரை வழியாக நுழைத்து, விழித்திரைக்கும் நிறமிப் படலத்துக்கும் நடுவே அந்த ஆறு சொட்டையும் மெதுவாக இறக்குகிறார்கள். சூடு பட்டால் தோலில் கொப்புளம் எழுமே, அதுபோல் விழித்திரை சற்றே உப்பி எழும்பும். ஒரு சில நாளில் நீர் உறிஞ்சப்பட்டு, விழித்திரை மீண்டும் பழைய இடத்தில் படிந்துவிடும். கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியையும் விட்டு வைப்பார்கள். அது கரையும்வரை நோயாளி விமானம் ஏறக்கூடாது. உயரே போனால் குமிழி விரிந்து கண்ணை நெருக்கும். எதிர்ப்புப் படையை அடக்கி வைக்க ஸ்டீராய்டு மருந்து, அறுவைக்கு முன்னரே தொடங்கிவிடும். இன்னொரு கண்ணுக்கு, குறைந்தது ஆறு நாள் கழித்து, இதே அறுவை.

சரி, பார்வை வந்துவிட்டதா என்று எப்படி அளப்பது? கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்களே, அது இங்கே சரிவராது. இவர்களுடைய முதல் குறை எழுத்துத் தெளிவு அன்று. மங்கலான வெளிச்சத்தில் எதுவுமே தெரியாததுதான். அதனால் ஒரு புதிய சோதனையை உருவாக்கினார்கள். தரையில் அம்புக்குறிகள், வழியில் தடைகள். தொடாமல், வழி தவறாமல், குறித்த நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். அலுவலக வெளிச்சமான 400 லக்ஸிலிருந்து, இரவு விளக்கு மட்டும் எரியும் அறைபோன்ற 1 லக்ஸ் வரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். வழியை மனப்பாடம் செய்துவிடக்கூடாதே என்று பன்னிரண்டு விதமான அமைப்புகள்.

மூன்றாம் கட்டச் சோதனையில் 31 பேர் சேர்ந்தார்கள். மிக இளையவருக்கு வயது 4, மூத்தவருக்கு 44. குலுக்கல் முறையில் 21 பேருக்கு உடனே சிகிச்சை என்றும், 10 பேர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்றும் பிரித்தார்கள். பார்வையை இழந்துகொண்டிருப்பவரைக் காத்திருக்கச் சொல்வது சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாவிட்டால், பயிற்சியால் வந்த முன்னேற்றம் எது, மருந்தால் வந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓராண்டு முடிந்தது. சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர் 1 லக்ஸ் வெளிச்சத்திலும் நடந்து முடித்தார்கள். காத்திருந்தவர்களில் ஒருவராலும் முடியவில்லை. ஒளியை உணரும் திறன் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரியாக நூறு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. காத்திருந்தவர்களுக்கும் அதன் பிறகு சிகிச்சை கொடுத்தார்கள்.

2017 டிசம்பர் 19 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி வழங்கியது. மருந்தின் பெயர் லக்ஸ்டர்னா. பரம்பரை நோய் ஒன்றுக்காக உடலுக்குள் நேரடியாகச் செலுத்தப்படும் மரபணு சிகிச்சைக்கு அந்நாட்டில் கிடைத்த முதல் அனுமதி அது. மறு ஆண்டு ஐரோப்பாவும் அனுமதித்தது.

எட்டாதவை

விலை அறிவிக்கப்பட்டபோது பலர் வாயடைத்துப் போனார்கள். ஒரு கண்ணுக்கு 4,25,000 அமெரிக்க டாலர். இரண்டு கண்ணுக்கும் 8,50,000. அன்றைய மதிப்பில் 3 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல். நம் ஊரில் ஐந்தாறு டெரஸ் வீடு வாங்கும் பணம். நோயாளிகள் மிகச் சிலர், ஆய்வுக்கு ஆன செலவோ பல ஆண்டுகளுடையது, ஒருமுறை கொடுத்தால் போதும் என்று நிறுவனம் காரணம் சொன்னது. காரணம் பொய்யில்லை. ஆனாலும், உயிரணுக்கள் மடிவதற்குள் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்ற நோயில், பணம் திரட்டும் ஒவ்வோர் ஆண்டும் பார்வையில் கழிகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இங்கே விலை என்பது வெறும் பொருளாதாரப் பாடம் இல்லை.

எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதிலும் எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை. லக்ஸ்டர்னா பெற்றவர்களிடம் முன்னேற்றம் பல ஆண்டுகள் நிலைத்ததாக அந்த ஆய்வுக் குழு கூறியது. வேறு வகை வெக்டரைப் பயன்படுத்திய பிற குழுக்கள், பார்வை ஓரளவு கூடி, சில ஆண்டுகளில் மீண்டும் குறைந்ததாக 2015-இல் எழுதின. பழுது நீங்கிய பிறகும் விழித்திரை மெல்லத் தேய்வதைச் சில நோயாளிகளிடம் கண்டார்கள். எத்தனை உயிரணுக்கள் மிச்சம் இருக்கும்போது மருந்து போனது என்பது இதில் பெரிய பங்கு வகிக்கலாம். அதனால்தான் சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் இரண்டு சோதனை செய்கிறார்கள்: பழுது ஆர்.பி.இ.65-இல்தானா என்று இரத்தத்தில் ஒன்று. உயிருள்ள உயிரணுக்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று விழித்திரையைப் படம் பிடித்து இன்னொன்று.

அதற்கு மேல் பெட்டியின் அளவு என்ற சிக்கல். மோட்டார்சைக்கிளின் பின்னால் இருக்கும் பெட்டியில் எது அடங்குமோ அதைத்தான் கிராப் ஓட்டுநர் கொண்டுவர முடியும். குளிர்சாதனப் பெட்டியை ஏற்ற முடியாது. ஏ.ஏ.வி.யின் பெட்டி 4,700 எழுத்து. ஆர்.பி.இ.65 மரபணுவின் புரதக் குறிப்பு ஏறத்தாழ 1,600 எழுத்துதான். சுவிட்சோடு சேர்த்துத் தாராளமாக அடங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் நடுப்பார்வையை மங்கச் செய்யும் ஸ்டார்கார்ட் நோயைப் பாருங்கள். அதற்குக் காரணமான மரபணு ஏறத்தாழ 6,800 எழுத்து. உள்ளே போகாது. அதை இரண்டாக வெட்டி, இரண்டு வைரஸில் அனுப்பி, உயிரணுவுக்குள் ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். ஒரே உயிரணுவுக்கு இரண்டு பொட்டலமும் போய்ச் சேர வேண்டும். ஒரு மேசையைப் பாதிப் பாதியாக இரண்டு ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புவது போல. ஒருவர் வழி தவறினாலும் மேசை இல்லை.

கோல், கூம்பு உயிரணுக்கள் எல்லாமே மடிந்துபோனவர்களுக்கு? பழுது பார்க்கப் பொறியே இல்லாத இடத்தில் மடக்குபவரை அனுப்பி என்ன பயன்? அங்கே சிலர் வேறு வழியாக யோசித்தார்கள். விழித்திரையின் முன்பக்கத்தில், மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு உயிரணுக்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருக்கும். அவற்றுக்கு ஒளியை உணரத் தெரியாது. ஆனால் குளத்தில் மிதக்கும் ஒருவகைப் பச்சைப் பாசிக்குத் தெரியும். வெளிச்சத்தை நோக்கி நீந்த அதனிடம் ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தின் மரபணுவை ஏ.ஏ.வி. பொட்டலத்தில் வைத்து அந்த நரம்பு உயிரணுக்களுக்கு அனுப்பினால் அவையே ஒளியை உணருமே?

பாரிஸில் 58 வயது ஆடவர் ஒருவருக்கு இதைச் செய்தார்கள். பரம்பரை விழித்திரை நோய் அவருக்கு இருப்பது தெரிந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் உணரும் நிலை. பாசிப் புரதம் வேலை செய்யச் செம்மஞ்சள் நிற ஒளி வேண்டும் என்பதால், எதிரே இருக்கும் காட்சியை அந்த நிறத்தில் கண்ணுக்குள் பாய்ச்சும் கண்ணாடி ஒன்றும் கொடுத்தார்கள். பல மாதம் பயிற்சி எடுத்தார். 2021-இல் வெளியான அறிக்கையின்படி, மேசையில் இருந்த குறிப்பேட்டை அவரால் கண்டு தொட முடிந்தது. குவளைகளை எண்ணவும் முடிந்தது. முகங்களை அடையாளம் காணவோ படிக்கவோ முடியவில்லை. ஆய்வகத்தில் இதெல்லாம் நடப்பதற்கு முன்பே ஒருநாள் அந்தக் கண்ணாடியோடு வெளியே நடந்துகொண்டிருந்தவர், மருத்துவர்களிடம் வந்து ஒரு செய்தி சொன்னார். சாலையைக் கடக்கும் இடத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோடுகள் தெரிகின்றனவாம்.